மாமனார் பார்த்து வாங்கிய ட்ரைபாட்

என் மாமனார் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினோரு குடும்பப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றில்கூட நான் இல்லை. பதினொன்றையும் எடுத்தவன் நான்தான்.

இதைச் சொன்னால் எங்கள் ஊர் கொச்கோரின் கடைத்தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வருடா வருடம் ஜூலையில் சோங்-கோல் ஏரிக்கரை மேய்ச்சல் மேட்டில் மாமனார் சதிர்பெக்கின் குடும்பம் மொத்தமும் கூடும். நாற்பத்து மூன்று பேர். ஆட்டை வெட்டி வேகவைத்து, யாருக்கு எந்தத் துண்டு என்று முறை பார்த்துக் கொடுப்பார்கள். பெரியவருக்குத் தலை, மாப்பிள்ளைக்கு நெஞ்செலும்பு. சாப்பிட்டுக் கை துடைத்ததும் யாராவது ஒருவர், "மாப்ள, கேமராவை எடு" என்பார். நான் எடுப்பேன். ஆட்டில் எனக்கென்று ஓர் எலும்பு உண்டு, படத்தில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. என் மணவாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எனக்குத் தொழிலே படம் எடுப்பதுதான். கொச்கோர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். "நிமிருங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று காலையிலிருந்து மாலைவரை சொல்லிக்கொண்டிருப்பேன். கடையில் கேமரா சுவரோடு ஓர் இரும்புத் தகட்டில் முடுக்கியிருக்கும். அது ஆடாது, அசையாது. அதனால் ட்ரைபாட் என்கிற மூன்று கால் ஸ்டாண்டைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியிருந்ததே இல்லை.

கவலைப்பட வைத்தவள் என் மகள் அய்பெரி. ஒன்றாம் வகுப்பில் குடும்பப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். அவள் தாத்தா வீட்டுச் சுவரிலிருந்து கடைசிப் படத்தைக் கழற்றிக் கொண்டுபோனாள். டீச்சர் படத்தைப் பார்த்து, "இதுல அப்பா எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா இதுல இல்ல" என்று குழந்தை உள்ளதைச் சொல்லியிருக்கிறது. மறுநாள் டீச்சர் என் மனைவி நுர்ஜமாலை வரவழைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தனியா எப்படிம்மா சமாளிக்கிறீங்க" என்று கண் கலங்கியிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சுன்னு சொன்னேன்" என்றாள் நுர்ஜமால், மாவு பிசைந்துகொண்டே.

"நான் உயிரோட இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க அவ்வளவு அன்பாப் பேசும்போது எப்படிங்க மறுத்துப் பேசறது?"

பதினைந்து நாள் கழித்து நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். குழந்தைக்கும் ஒரு துணை வேணும்ல" என்று என் கையைக் குலுக்கினார். என்னை இரண்டாவது கணவன் என்று எடுத்துக்கொண்டார் என்பது பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த ஜூலையில் படத்துக்குள் போய்விடுவது. இந்த வருடம் மாமனாருக்கு எழுபத்து மூன்று. எங்கள் பக்கத்தில் வயதை எண்ணும் பன்னிரண்டு வருடச் சுற்றில் ஆறு சுற்றை முடித்துவிட்டார், விருந்து பெரிதாக இருக்கும், படமும் பெரிதாகச் சட்டம் போட்டுச் சுவரின் நடுவில் ஏறும். அதில் நான் இல்லாவிட்டால் இனி எதிலும் இல்லை.

முன்பே முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு வருடம் வழியில் போன இடையனிடம் கேமராவைக் கொடுத்தேன். அவன் நாற்பத்து மூன்று பேரின் கம்பளித் தொப்பிகளையும் முக்காடுகளையும் மிகத் தெளிவாக எடுத்தான், அவற்றுக்குக் கீழே இருந்த முகங்களை விட்டுவிட்டான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் லேசான அலுமினிய ட்ரைபாட் ஒன்றை வாங்கி, பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி கேமராவை வைத்தேன். ட்ரைபாட்டின் எடை ஒரு கிலோகூட இல்லை, மேலே இருந்த கேமரா அதைவிடக் கனம். போதாக்குறைக்கு நடுக்குழாயை முழுசாக உயர்த்தி வைத்திருந்தேன். ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது. அந்தப் படத்தில் வானம் இருக்கிறது, ஒரு பருந்து இருக்கிறது, ஓரத்தில் என் இடது செருப்பு இருக்கிறது. என் கொழுந்தியாள் பெர்மெத் அதற்குச் சட்டம் போட்டு, கீழே "அத்தான்" என்று எழுதித் தன் சமையலறையில் மாட்டியிருக்கிறாள்.

ரிமோட் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்தோம். அது குதிரைப்பால் புளிக்கவைத்திருந்த தோல்பைக்குள் விழுந்துவிட்டது. பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே மாதம் மாமனார் கண்ணாடி மாற்றத் தலைநகர் பிஷ்கெக் போக வேண்டியிருந்தது, நான் கூட்டிப்போனேன். கண்ணாடி வாங்கியதும், "மாமா, ஒரு கடைக்குப் போயிட்டு வந்துடறேன், ட்ரைபாட் பாக்கணும்" என்றேன். "கால் இருக்கற சாமானா?" என்று கேட்டார். "மூணு கால்" என்றேன். "அப்ப நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். மாமனார் நாற்பது வருடம் குதிரை பார்த்துக் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் யார் குதிரை வாங்கினாலும் அவரை அழைத்துப் போவார்கள். அவர் குதிரையின் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைக்கூடக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கால்.

கடையில் மினுமினுப்பான ஒரு பையன் இருந்தான். கறுப்பு ட்ரைபாட் ஒன்றை ஒரே விரலில் தூக்கிக் காட்டினான்.

"கார்பன். வெறும் ஒரு கிலோ. இருக்கறதே தெரியாது" என்றான்.

மாமனார் என்னைப் பார்த்தார். "குத்தத்தை எவ்வளவு பெருமையாச் சொல்றான் பாரு."

பிறகு ஒரு காலை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். காலுக்குள் கால், அதற்குள் இன்னொரு கால் என்று நான்கு துண்டாக அது இருந்தது. கடைசித் துண்டு சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும்.

"தொடையில ஆரம்பிச்சு ஈர்க்குச்சில முடியுது" என்றார். "இதுக்கு எத்தனை முட்டிடா வச்சிருக்கீங்க?"

"மடக்கினா பைக்குள்ள போயிடும் தாத்தா."

"பைக்குள்ள போறது மலைமேல நிக்குமா?" என்று சொல்லி, குதிரையின் விலாவில் சாய்வது போல அதன்மேல் லேசாகத் தோளைக் கொடுத்தார். ஒரு கால் வழுக்கிக்கொண்டு போனது. பையன் பாய்ந்து பிடித்தான். மாமனார் அதே மாதிரி ஆறு ட்ரைபாட்டுகளைச் சாய்த்துப் பார்த்தார். ஆறாவதில் பையன் எங்களை வெளியே போகச் சொன்னான், மரியாதையாகத்தான்.

பழைய சாமான் சந்தையில் அது கிடைத்தது. கெட்டி மரக் கால்கள், உதிர்ந்த மஞ்சள் பெயிண்ட், ஒவ்வொரு காலுக்கும் கூரான இரும்பு லாடம். விற்றவர் சாலை போட நிலம் அளந்து ஓய்வு பெற்றவர், அளக்கிற கருவியை அதன்மேல்தான் வைத்திருந்தாராம். கால் இரண்டே துண்டு. மாமனார் தடவினார், தட்டினார், தோளைக் கொடுத்தார். அது அவரைத் திருப்பித் தள்ளியது போல எனக்குத் தோன்றியது.

"எத்தனை வருஷம் வேலை பாத்துச்சு?" என்று கேட்டார்.

"முப்பத்தோரு வருஷம்" என்றார் அந்த ஆள்.

"விழுந்திருக்கா?"

"ஒரே தடவை. புல்டோசர் இடிச்சப்ப."

மாமனார் பேரம் பேசாமல் காசை எடுத்து நீட்டினார். நான் தடுக்கப் போனேன். "நீ சும்மா இரு. என் விருந்துப் படம் ஆடக்கூடாது" என்றார். எட்டு கிலோவை நான் தோளில் சுமந்துகொண்டு பேருந்து வரை நடந்தேன். தன் படம் ஆடாமல் வர வேண்டும் என்ற கவலை அவருக்கு. அதற்குள் நானும் வர வேண்டும் என்று யாருக்காவது கவலை உண்டா என்று வழியெல்லாம் எரிச்சலாக வந்தது.

அதன் திருகு கட்டைவிரல் பருமன், கேமராவின் அடியில் இருக்கும் ஓட்டை பென்சில்கூட நுழையாத அளவு. கொச்கோரில் லேத் வைத்திருப்பவரிடம் ஒரு தகடு கடைந்து இரண்டையும் சேர்த்தேன். அப்புறம் ஒரு மாதம் வீட்டு முற்றத்தில் பயிற்சி. சரிவில் வைத்தால் ஒரு கால் மேட்டுப் பக்கம், இரண்டு கால் பள்ளத்துப் பக்கம். லாடத்தை மிதித்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். மூன்றுக்கும் நடுவே கல் நிரப்பிய பையைத் தொங்கவிட வேண்டும், அதுவும் காற்றில் ஊஞ்சலாடாதபடி தரையை ஒட்டி. கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிட வேண்டும், காற்றில் படபடத்தால் அதுவே கேமராவை ஆட்டும். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. அய்பெரி ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவாள், நான் ஓடிப்போய்க் கோழிக்கூண்டுப் பக்கத்தில் நிற்பேன். நாற்பது தடவை ஓடினேன், நாற்பதிலும் நான் கோழிகளோடு படத்தில் தெளிவாக விழுந்திருந்தேன்.

முற்றத்தில் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. கோழிகளுக்கு முறை கிடையாது.

விருந்தன்று வெயிலும் காற்றும் சமமாக இருந்தன. பெரிய கம்பளிக் கூடாரத்துக்கு முன்னால் குடும்பம் வரிசை கட்டியது. முன்வரிசையின் நடுவில் சிவப்பு மெத்தையில் மாமனார், அவருக்கு ஒரு பக்கம் மாமியார், இரு பக்கமும் பெரியவர்கள். பின்னால் மற்றவர்கள். கேமராவிலிருந்து பார்த்தால் வலது கோடி மருமகள்களுடையது. இடது கோடி மாப்பிள்ளைகளுடையது. இடது பக்கம் முன்னால் சாப்பாட்டு விரிப்பு ரொட்டியோடும் பூர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளோடும் விரித்தபடியே கிடந்தது, விருந்து முடிந்து ஆசி சொல்லும்வரை அதை எடுக்கக் கூடாது.

முப்பது அடி தள்ளி ட்ரைபாட்டை நட்டேன். லாடங்களை மிதித்து இறக்கினேன், கல் பையை மாட்டினேன். கண்ணை வைத்துப் பார்த்தால் முன்வரிசையின் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது.

"மாமா, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, பக்கத்துல இடம் சும்மா கிடக்கு" என்று கத்தினேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் மாமனார். அவர் எப்போதும் இப்படித்தான். பதினோரு வருடமாக நெருங்கி உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், ஒரு தடவைகூட நகர்ந்ததில்லை.

பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. என் இடம் இடது கோடி. நேராக அங்கே போக வேண்டுமென்றால் விரிப்பைத் தாண்ட வேண்டும், ரொட்டிக்கு மேலே காலைத் தூக்கினவனை எங்கள் ஊரில் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். விரிப்பைச் சுற்றி உள்பக்கமாகப் போனால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முகத்துக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும், அதுவும் ஆகாது. விரிப்புக்கு வெளிப்பக்கம் சாணிக்குழியும் குதிரைக்குட்டிகளைக் கட்டியிருந்த நீளக் கயிறும். மிச்சம் இருந்தது ஒரே வழி. வலது பக்கம் போய், கூடாரத்தைப் பின்புறமாகச் சுற்றி, இடது பக்கம் வந்து சேர்வது. ஓடினேன்.

நான் கூடாரத்தின் முதுகுப் பக்கம் இருக்கும்போதே கேமரா படம் எடுத்து முடித்துவிட்டது.

மறுபடி அழுத்தினேன், மறுபடி ஓடினேன். இந்தத் தடவை கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறு தடுக்கி விழுந்தேன். படத்தில் இடது கோடியில் ஒரு தொப்பி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

பெர்மெத் வரிசையில் நின்றபடியே ஆரம்பித்தாள். "அத்தான், தொப்பி நல்லா விழுந்திருக்கு. தலை எப்ப வரும்?"

"வலது பக்கமே நின்னுக்கறேனே" என்றேன் நான், மூச்சு வாங்க.

"மருமகள்களோடயா? வாங்களேன். முக்காடு ஒண்ணு தர்றேன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்காமல் சொன்னதுதான் அதிகம் சுட்டது. "ஏங்க, முடியலன்னா விடுங்க. டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

இரண்டு தடவையும் மாமனார் நான் ஓடும் திசையையே வினோதமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணொண்ணா ஏன் எடுக்கறீங்க, இது என்ன பாஸ்போர்ட்டா?" என்று பெர்மெத் கத்தினாள். "பத்து விநாடிக்கப்புறம் வரிசையாப் பத்து படம் எடுக்கற மாதிரி வச்சுட்டு ஓடுங்க. ஏதாவது ஒண்ணுலயாவது சிக்குவீங்க."

கோபத்திலும் அது நல்ல யோசனை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பத்து படம், ஒன்றுக்கொன்று இரண்டு விநாடி இடைவெளி. அழுத்திவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நான் கூடாரத்துக்குப் பின்னால் இருந்தபோது முன்னால் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். பக்கத்து மேட்டில் மந்தை வைத்திருக்கும் தொக்தோசுன், மாமனாருக்குக் குதிரைப்பால் கொண்டுவந்து சேர்ந்திருக்கிறார். ஏரிப் பக்கமிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறார். வந்த விருந்தாளியை ஒதுக்கி வைக்க முடியுமா, "வா, வா, வந்து நில்லு" என்று எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். குதிரையிலிருந்து இறங்கியவர் சுற்றிலும் பார்த்தார். புல்வெளியில் மண்ணில் ஆழ இறங்கிய, தடித்த மரக் கால் ஒன்று தெரிந்தது. குதிரை கட்டும் தறி என்றால் அந்த மேட்டில் அதைவிட நல்ல தறி கிடையாது. கடிவாளக் கயிற்றை அதில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார். குறைசொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நான் இடது பக்கம் வெளியே வந்தபோது கேமரா ஐந்தாவது படம் எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தால் என் இடம். அப்போதுதான் பார்த்தேன், என் கேமராவின் காலில் ஒரு செம்பழுப்புக் குதிரை கட்டியிருந்தது.

கேமரா கிளிக் என்றது. காதருகே சத்தம் கேட்ட குதிரை தலையைத் தூக்கிக் கயிற்றை இழுத்தது. அது என் சோறு, அந்தக் கேமரா. கடையில் இருப்பதும் அதுதான், மேட்டுக்கு வருவதும் அதுதான். அதற்கப்புறம் எனக்கு முறை, மரியாதை, மாமனார், மாமியார் எதுவும் நினைவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, ரொட்டிக்கு மேலே தாவி, நாலு பெரியவர்களின் முகத்துக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து கேமராவை நோக்கி ஓடினேன். பின்னால் பெண்கள் "ஐயோ, ரொட்டி" என்று அலறியது கேட்டது.

போய்க் காலைக் கட்டிப் பிடித்தேன். பிடித்திருக்கத் தேவையே இல்லை. குதிரை மூன்று தடவை இழுத்தும் ட்ரைபாட் ஒரு விரல்கூட நகரவில்லை.

"பாத்தீங்களா?" என்று அங்கிருந்து மாமனார் குரல் வந்தது. "குதிரை இழுத்தே அசையல. நான் பாத்து வாங்குனது." வந்திருந்த எல்லோரிடமும் அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தொக்தோசுன் பக்கத்தில் வந்து, "நல்ல தறி. இது மாதிரி எனக்கொண்ணு கிடைக்குமா?" என்று என்னிடம் விசாரித்தார். இன்னொரு படம் எடுக்கலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் மலைப்பக்கமிருந்து ஆலங்கட்டி மழை இறங்கியது. எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். அந்த வருடத்துப் படம் அதோடு முடிந்தது.

ஊர் திரும்பிக் கடையைப் பூட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அசைவே இல்லாத படங்கள். நாற்பத்து இரண்டு பேரும் கண் திறந்து, ஒவ்வொரு மயிரிழையும் எண்ணும்படி. தொக்தோசுன்கூட இருந்தார். நான் இல்லை.

ஏழாவது படத்தில் இருந்தேன். படம் முழுக்க நான்தான் இருந்தேன். கேமராவுக்கு ஐந்தடி தூரத்தில், காற்றில் பறக்கும் சட்டையோடு, கடைவாய்ப் பல் தெரிய, இரண்டு கையையும் விரித்தபடி உலகத்தையே கட்டிப்பிடிக்க வருபவனைப் போல. என் அக்குளுக்குக் கீழே குடும்பம் சிறியதாகத் தெரிந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கூட.

அந்தச் சின்ன முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மாமனாருக்குப் பக்கத்தில் நான் குறைசொன்ன அந்த இடைவெளி. அங்கே ஒரு மெத்தை போட்டிருந்தது, அவருடையது போலவே சிவப்பு. ஆள் யாரும் இல்லை. அதன்மேல் மாமனார் தன் உள்ளங்கையை வைத்திருந்தார், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல. மற்ற ஒன்பது படங்களையும் பார்த்தேன். ஒன்பதிலும் கை அங்கேயே இருந்தது. அதற்கு முன்னால் ஓடி எடுத்த இரண்டிலும் இருந்தது.

பன்னிரண்டு படங்களையும் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். முதல் வருடப் படத்தில் அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலி. அடுத்த வருடமும் காலி. நான்காவதில் அங்கே நாய் படுத்திருந்தது. ஏழாவதில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது, பெர்மெத் அதைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றிலும் அந்த இடம் இருந்தது. அத்தனை படத்தையும் நானே எடுத்து, நானே அச்சுப் போட்டு, நானே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

"மாமா, இந்த இடம் யாருக்கு?" என்றேன்.

"உனக்குத்தான். வேற யாருக்கு?" என்றார், தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான்தான் படம் எடுத்துக்கிட்டு இருக்கேனே."

"அதுக்காக? எடுக்கறவனுக்கு உக்கார இடமில்லாத வீடா இது? படத்தைப் பாக்கறவங்களுக்கு இங்க ஒருத்தன் குறையறான்னு தெரிய வேண்டாமா?"

கோபப்படுவது போலக் காட்டிக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. மாப்பிள்ளைக்கு இடம் கோடியிலன்னுதானே எல்லாரும்..."

"நீ கேட்டியா? இந்த வருஷமாவது வந்து உக்காருவேன்னு பிஷ்கெக் வரைக்கும் வந்து காலு பாத்து வாங்கிக் குடுத்தேன். நீ பொத்தானை அமுக்கிட்டுக் கூடாரத்தைச் சுத்த ஆரம்பிச்சே. ஏதோ வேண்டுதல் போலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"பெரியவங்க முன்னாடி குறுக்கே போகக் கூடாதே."

மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "குறுக்கே போனாத்தான் தப்பு. நேரா என்கிட்ட வந்தா அதுக்குப் பேரு வர்றது. கேமராவுல இருந்து என் முட்டி வரைக்கும் எண்ணிப் பாத்தேன், பன்னெண்டு எட்டு. நடந்தே வரலாம்."

நான் கையிலிருந்த அச்சுகளை நீட்டினேன். அவர் அச்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஏழாவதை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இதைத்தான் மாட்டறோம். மத்ததுல எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு உக்காந்த மாதிரி இருக்காங்க."

மாமியார் வந்து பார்த்துவிட்டு, ரொட்டிக்கு மேலே தெரியும் பின்னங்காலை மட்டும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டிவிட்டேன். இப்போது சுவரின் நடுவில் அது தொங்குகிறது, மற்ற பதினொன்றைவிடப் பெரிய சட்டத்தில். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருபவன் யார் என்றுதான். மாமனார் அவர்களுக்கு முதலில் ட்ரைபாட்டைப் பற்றிச் சொல்கிறார். அப்புறம்தான் நான்.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அய்பெரி ஒரு பிரதியைக் கொண்டுபோனாள். மாலையில் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"டீச்சர் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"இது யாருன்னு கேட்டாங்க. அப்பான்னு சொன்னேன். நல்லா இருக்காருன்னாங்க."

"அப்புறம்?"

"தாத்தா கை வச்சிருக்கற இடத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. உங்க முதல் அப்பாவுக்கு இன்னும் இடம் வச்சிருக்காங்க, எவ்வளவு நல்ல குடும்பம்னு சொன்னாங்க."

நுர்ஜமால் உள்ளே சிரிப்பது கேட்டது. டீச்சரைப் போய்ப் பார்த்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஜூலையில் ட்ரைபாட்டை நட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, நேராக நடந்து போய் அந்த மெத்தையில் உட்காரப் போகிறேன். பன்னிரண்டு எட்டுக்குப் பத்து விநாடி தாராளம்.